அரை டீஸ்பூன் உப்பு

மாதனூர்,
டிசம்பர் 11, புதன்கிழமை.

அன்பு மகள் மேகலாவுக்கு அப்பா சுப்பராயன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். மற்ற சமயம் இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதுவேன், இந்த முறை திங்கட்கிழமை வந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்துத்தான் எழுதுகிறேன். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், உன்னுடைய ரிப்போர்ட் என் கையில் இல்லை. பக்கத்து வீட்டு முனவ்வர் பேகத்தின் மகன் தபரேஸ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான், அவனிடம் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசும்போதெல்லாம் உன் அம்மா என் முழங்கையை ஒட்டி நிற்கிறாள், இந்த விஷயத்தை உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று எனக்குத் தடை போட்டிருக்கிறாள். அதுவுமில்லாமல் போனில் நீ நடுவில் பேசுவாய், கடிதத்தில் யாரும் நடுவில் பேச முடியாது, எனக்கு அது வசதி. இப்போது நான் என்னென்ன ஊறுகாய் என்று லிஸ்ட் எழுதுவதாக நினைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குகிறாள். டியூட்டி முடிந்து, சாப்பிட்டு, உட்கார்ந்து படி. விஷயம் இதுதான். போன மாதக் கடைசியில் உன் அம்மா வேலூர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாள், அதில் முதல் இரண்டு நாள் பிழைப்பாளா என்று எங்களுக்குத் தெரியாது. பிழைத்துவிட்டாள். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படிக்கலாம்.

கார்த்திகை பிறந்ததும் பிடித்த மழை எட்டு நாள் விடவில்லை. பாலாற்றில் தண்ணீர் வந்தால் நம் பக்கத்தில் அது விருந்தாளி வந்த மாதிரி, மஞ்சள் குங்குமம் பூவெல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் கும்பிடுவோம், உனக்குத் தெரியும். இந்தத் தடவையும் தட்டோடு போனோம். ஆறு வந்திருந்தது, கூடவே நுரையும் வந்திருந்தது, இடுப்பு உயரம். மழை பெய்தால்தான் தோல் பதனிடுகிற சில ஷாப்புகளுக்குக் கழிவுத் தொட்டியைத் திறந்துவிடும் ஞாபகம் வரும் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள், யார் திறந்தது என்று நான் பார்க்கவில்லை, அதனால் அதைப் பற்றி எழுதவில்லை. பூவை எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நுரை மேலேயே போட்டோம். மறுநாள் தரைப்பாலம் முழுகிவிட்டது. கூட்டுக் குடிநீர்க் குழாய் எங்கேயோ உடைந்து தெருக்குழாயில் காற்று வந்தது, கேன் தண்ணீர் வண்டி அக்கரையோடு நின்றுவிட்டது. நம் வீட்டில் ஒன்றரை கேன் இருந்தது. நான் கணக்காகச் செலவழித்தேன், ஆனாலும் நாலு நாளில் தீர்ந்துவிட்டது.

பாலம் முழுகுவதற்கு முன்பே சுகாதாரத் துறையிலிருந்து மழைக்கால நோட்டீஸ் வீட்டுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற வைத்துக் குடிக்கவும், பிரஷர் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே வாங்கி நனையாத இடத்தில் வைக்கவும், வெள்ளத்தில் நனைந்த மாத்திரையைக் காய வைத்துச் சாப்பிட வேண்டாம், ஆற்று நுரையைக் குழந்தைகள் தொட விட வேண்டாம், பேதியானால் உடனே ஓ.ஆர்.எஸ். கொடுக்கவும். ஷூ கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் செக்கிங்கில் இருந்தவன் ஆகையால் நான் அதை இரண்டு தடவை படித்தேன். தெருவில் இரண்டு தடவை படித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். உன் அம்மாவின் பிரஷர் மாத்திரையை மறுநாளே போய் வாங்கிவந்து பரண் மேல் டப்பாவில் வைத்தேன். அது தீரவும் இல்லை, நனையவும் இல்லை. நோட்டீஸில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாநிலம் முழுக்கப் போட்ட நோட்டீஸ், மாநிலத்துக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் தெருவில் பேதி ஆரம்பித்தது. முதலில் கோடி வீட்டில், அப்புறம் வரிசையாக, ஓட்டுக்குப் பணம் வருகிற மாதிரி ஒரு வீடு விடாமல் வந்தது. நம் ஊர் நர்ஸம்மா சௌந்தரம் நாள் முழுக்க முழங்கால் தண்ணீரில் நடந்து பேதி கண்ட வீட்டுக்கு இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுத்தார், மூன்று நாளில் கையிருப்பு தீர்ந்துவிட்டது, புதுச் சரக்கு வண்டியும் அக்கரையில் கேன் தண்ணீர் வண்டிக்குப் பின்னால் நின்றது. மெடிக்கலிலும் இல்லை. அன்றைக்குத்தான் நான் உனக்குப் போன் செய்து பாக்கெட் இல்லையென்றால் வீட்டில் எப்படிச் செய்வது என்று கேட்டேன், நீயும் வார்டில் இருந்துகொண்டே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கணும். நாற்பது விநாடி. அதை நான் தெரு குரூப்பில் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பஞ்சாயத்து மைக் ஆட்டோ வந்தபோது டிரைவரிடம் போனைக் கொடுத்து மைக்கிலேயே வைக்கச் சொன்னேன். அவன் சும்மா இருக்காமல், மஸ்கட்டிலிருந்து நம் ஊர் நர்ஸ் மேகலா பேசுகிறார் என்று முன்னால் ஒரு வரி சேர்த்துக்கொண்டான், நானும் தடுக்கவில்லை. ஐந்து தெருவுக்கும் உன் குரல் போயிற்று. நம் வாசலில் ஆட்டோ வந்தபோது உன் அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்று, தனக்குத் தெரியாத விஷயம் மாதிரி முழுக்கக் கேட்டாள். ஆட்டோ திரும்பி வந்தபோது இன்னொரு தடவை கேட்டாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

இரண்டு நாள் கழித்து அவளுக்கே வந்தது. கேன் தீர்ந்துவிட்டதால் பின்பக்கத்து போர் தண்ணீரைப் பிடித்தேன். அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வெள்ளைத் துணி ஒரு மாதத்தில் பழுப்பாகும். தோல் ஷாப்பில் பச்சைத் தோலுக்குப் போடுகிற உப்பு எல்லாம் எத்தனையோ வருஷமாகக் கீழே இறங்கி நம் போரில் உட்கார்ந்திருக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீ பத்தாவது படிக்கும்போதே நாம் அதை வாயில் வைப்பதை விட்டாயிற்று. தோல் இல்லையென்றால் எனக்குச் சம்பளம் இல்லை, உனக்கு நர்ஸிங் படிப்பும் இல்லை, அதையும் மறைக்கக்கூடாது. ஆனால் அன்றைக்கு எனக்கு இது எதுவுமே ஞாபகத்துக்கு வரவில்லை. கொதிக்க வைத்தால் எந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீர் என்று ஒரு எண்ணம். நோட்டீஸில் நன்றாக என்று போட்டிருந்ததால் நான் நன்றாகவே கொதிக்க வைத்தேன், விறகடுப்பில் அண்டாவை ஏற்றி, இரண்டு குடம் ஒரு குடமாக ஆகும்வரைக்கும். கொதித்தால் கிருமி சாகும், உப்பு சாகாது, இருக்கிற தண்ணீரில் இன்னும் நெருக்கமாக உட்கார்ந்துகொள்ளும் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. அதன் மேல் நீ சொன்ன சர்க்கரையையும் உப்பையும் போட்டேன். ஸ்பூனில் குவியலாக இருந்தால் அளவு தப்பும் என்று கத்தியால் வழித்துச் சமன் செய்து போட்டேன். அளவு துளியும் தப்பவில்லை.

ஒன்றரை நாளில் அவள் பதினொரு டம்ளர் குடித்தாள், நான் சுவரில் கோடு போட்டு எண்ணினேன். குடிக்கக் குடிக்கத் தாகம் என்றாள். தாகம் என்றால் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்து இன்னொரு டம்ளர் கொடுத்தேன். பேதி நின்றுவிட்டது, அவள் மட்டும் தேறவில்லை. நாக்கு காய்ந்து அட்டை மாதிரி ஆயிற்று, கை தன்னால் துடித்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் என்னைப் பார்த்து அவளுடைய அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கம்பெனி பஸ் போய்ட்டுதா என்று கேட்டாள். அவள் தையல் பிரிவிலிருந்து நின்று ஆறு வருஷம் ஆகிறது. நான் போய்விட்டது என்றேன். அப்படியானால் லேட் போடுவார்கள் என்று அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது மேகலா, நான் சுவர் ஏறிக் குதித்துப் போய்த் தபரேஸைக் கூப்பிட்டேன். அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டெம்போவை எடுத்துவந்து, அவளைத் தன் அம்மாவைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கி ஏற்றி, முழுகாத பாலம் இருக்கிற பக்கமாகப் பதினெட்டு கிலோமீட்டர் சுற்றி வேலூருக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் அவன் ஓதிக்கொண்டே வந்தான், நான் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன், யாருக்குக் கேட்டதோ தெரியாது.

ஆஸ்பத்திரியில் இருந்தது உன் வயசுப் பெண் டாக்டர். ரத்தத்தில் உப்பு மிகவும் ஏறிப்போயிருக்கிறது, இன்னா குடுத்தீங்க என்று கேட்டாள். நான் நோட்டீஸைச் சொன்னேன், உன்னைச் சொன்னேன், கத்தியால் வழித்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அளவு கரெக்ட்டு சார், தண்ணி எங்க புடிச்சீங்க" என்றாள். ஊர்ப் பேரைச் சொன்னேன், போர் என்றேன், இரண்டு குடம் ஒரு குடமாகக் கொதிக்க வைத்தேன் என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "உங்க ஊரு தண்ணியிலயே ஜாஸ்தி உப்பு இருக்கு சார், அதை சுண்ட வேற வெச்சிட்டு மேல உப்பு போட்டிருக்கீங்க" என்றாள். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. ருசி பார்த்தீர்களா, கண்ணீரை விட அதிகமாகக் கரித்தால் கொடுக்கவே கூடாதே என்றாள். நான் பார்க்கவில்லை. முப்பத்தோரு வருஷம் ஒரு மில்லிமீட்டர் தையல் விலகினால்கூட ஜோடியையே ரிஜெக்ட் செய்தவன், ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. கண்ணீர் ருசி எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாமல் இருந்தது, அந்த வராந்தாவில் பழகிவிட்டது. ஏறின உப்பை ஒரேயடியாக இறக்கினால் மூளைக்கு ஆகாது, மெதுவாகத்தான் இறக்க வேண்டும் என்று மணிக்கணக்குப் பார்த்து சலைன் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் கண் விழித்து, ஏங்க, வீட்டைப் பூட்டினீங்களா என்று கேட்டாள். பூட்டவில்லை. அவள் கோபப்பட்டதும் எனக்கு உயிர் வந்தது. அந்த ஐந்து நாளும் நீ போன் செய்தபோது அம்மா தூங்குகிறாள், அம்மா குளிக்கிறாள், அம்மா கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். மழையில் கல்யாணமா என்று நீ கேட்டாய். ஆமாம் என்றேன். மொத்தம் ஒன்பது பொய்.

இதற்குள் உன் குரல் ஐந்து தெருவிலும் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள்தான் உறைத்தது. முனவ்வர் பேகத்துக்குப் போன் செய்தேன். அவள் மகள் தூபா பிரசவத்துக்கு வந்து இன்னும் இங்கேதான் இருக்கிறாள், கைக்குழந்தை உமைமாவுக்கு எட்டு மாதம், அதற்கும் பேதி. அவர்களும் அதே மாதிரி கலக்கியிருந்தார்கள். குழந்தை முதல் ஸ்பூனைத் துப்பிவிட்டதாம், இரண்டாவதையும் துப்பியதாம், "இது இன்னாடி இப்டி துப்புதுன்னு நான் நக்கிப் பாத்தேண்ணா, பேஜாரா கரிச்சிது, அப்டியே கொட்டிட்டேன்" என்றாள் முனவ்வர் பேகம். தாய்ப்பாலிலேயே குழந்தை தேறிவிட்டது. மற்ற வீடுகளுக்கும் ஆஸ்பத்திரியிலிருந்தே ஒவ்வொன்றாகப் போன் செய்து அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றேன். பாதிப் பேர் நம்பவில்லை. "மஸ்கட் நர்ஸு போடுன்னுது, நீ வேணான்ற, நீ இன்னா டாக்டரா" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் உன்னிடம் இரண்டாவது வாய்ஸ் கேட்டேன். முதலில் வந்தது சரியாகக் கேட்கவில்லை, திரும்பப் பேசு, போர் தண்ணீரில் செய்யவே கூடாது, கேன் தண்ணீரோ லாரித் தண்ணீரோ கிடைத்தால்தான் செய்யணும், வாயில் வைத்துப் பார்த்துக் கரித்தால் கொட்டிவிடணும் என்று சேர்த்துச் சொல் என்றேன். நீ ஏன் எதற்கு என்று அலுத்துக்கொண்டே பேசி அனுப்பினாய். அது பத்தாவது பொய். மைக் ஆட்டோ மறுபடி ஐந்து தெருவும் போயிற்று, அதற்கப்புறம்தான் எல்லோரும் கொட்டினார்கள். மூன்று பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது, மூன்று பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். பழைய வாய்ஸ் இன்னும் சாகவில்லை. போன வாரம் நாட்றம்பள்ளியிலிருந்து என் தம்பி, பயனுள்ள தகவல் அனைவருக்கும் பகிரவும் என்று போட்டு எனக்கே அனுப்பினான். அவனுக்குப் புதியதை அனுப்பி, யார் யாருக்கு அனுப்பினாயோ அவர்களுக்கெல்லாம் இதையும் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா தடை போட்டும் ஏன் எழுதுகிறேன் என்றால், அங்கேயும் நம் பக்கத்து ஆட்கள் உன்னைத்தான் கேட்கிறார்கள், ஊரிலிருந்தும் கேட்கிறார்கள், நீ தெரியாமல் அதையே சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. இன்னொன்று, தபரேஸ் தன் கையால் அவளைத் தூக்கி ஏற்றினவன், அவன் உன்னைப் பார்த்தால் வாய் தவறிச் சொல்லிவிடுவான், அவன் சொல்லி நீ கேட்பதை விட நான் சொல்லிக் கேட்பது முறை. உன் மேல் தப்பே இல்லை. இதை ஆறுதலுக்காக எழுதவில்லை, செக்கிங் செய்து எழுதுகிறேன். நீ சொன்ன அளவு சரி, தண்ணீர்தான் தப்பு, தண்ணீர் பிடித்தது என் கை. ஒன்பது வருஷமாக வேறு தண்ணீர் குடிக்கிறவளுக்கு இது ஞாபகம் இருக்கணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இங்கேயே இருக்கிற எனக்கு மறந்ததே, அதுதான் தப்பு. வேலையை விட்டுவிட்டு ஓடிவராதே, ஏப்ரல் லீவுக்கு வந்தால் போதும். கிட்னி தாங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னாள், மூன்று மாதம் கழித்து ஒரு டெஸ்ட் இருக்கிறது, தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பரண் டப்பாவில் மாத்திரையோடு பத்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும், பரணுக்குக் கீழே சீல் உடைக்காத இரண்டு கேனும் எப்போதும் இருக்கும், அதை வேறு எதற்கும் தொடுவதில்லை. உன் குதிகால் வலிக்கு மெத்தென்று செருப்புப் போடு, ஷூ கம்பெனிக்காரன் மகள் அந்தத் தட்டைச் செருப்பைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நிற்பது எனக்குக் கேவலம். ஊறுகாயில் உப்பு சரியாக இருக்கிறது, நான் வாயில் வைத்துப் பார்த்துத்தான் மூடினேன்.

கடைசியாக ஒன்று. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து நான் உன் அம்மாவைக் கேட்டேன், அவ்வளவு உப்பாக இருந்ததே, உனக்கு வாயில் தெரியவே இல்லையா என்று. தெரிந்தது என்றாள். முதல் வாயிலேயே தெரிந்ததாம், கடல் தண்ணீர் மாதிரி இருந்ததாம், தொண்டையில் இறங்கவில்லையாம், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாளாம். பின்னே ஏன் சொல்லவில்லை, ஏன் பதினொரு டம்ளரும் குடித்தாய் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "பாப்பா சொல்லிச்சில்ல, அதான் குடிச்சேன்" என்றாள். நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். ஆகையால் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். அவளுக்கு மட்டும் ஒரு வாய்ஸ் அனுப்பு. அம்மா, வாய்க்குத் தப்பாகத் தெரிந்தால் துப்பிவிடு, நானே சொல்லியிருந்தாலும் துப்பிவிடு என்று சொல். நான் பத்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், என் பேச்சை அவள் எடுப்பதில்லை, நீ சொன்னால் செய்வாள். அதைக் கேட்டதும் நான் உனக்கு எழுதிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும், அனுப்பு.

நம் மாரியம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. தபரேஸுக்கு ஒரு வேளையாவது உன் கையால் சமைத்துப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
சுப்பராயன்